அறுபதாவது விருப்பம்

தகப்பன்மாரில் பல ரகம் உண்டு. பிள்ளையை உருட்டி மிரட்டி வழிக்குக் கொண்டுவருகிறவர் ஒரு ரகம். அவரால் பெரிய ஆபத்து இல்லை. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஓடி ஒளிந்துகொள்ளலாம். எக்கேடோ கெட்டுப் போ என்று கையைக் கழுவிவிடுகிறவர் இன்னொரு ரகம். அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே பல நாள் தெரியாது. நாம் பார்க்கப்போகிறவர் மூன்றாவது ரகம். இவர் சிரித்த முகத்தோடு வருவார், பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொள்வார், "கண்ணு, வாழ்க்கை உன்னுது, நீ என்ன வேணா படி, அப்பா குறுக்க நிக்கமாட்டேன்" என்பார், சொல்லிய வாய் மூடுவதற்குள் நட்டநடு வழியில் வந்து நின்றுகொள்வார். இவருக்கு 'உன் இஷ்டம்' தகப்பன் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எங்கள் மன்ஸூராவில் இந்த ரகம் நைல் கரை நெடுக நன்றாக விளைகிறது. மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துப் பார்க்கலாம். பெயர் ரிஃப்அத் ஷலபி. நீர்ப்பாசன அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக குமாஸ்தா. மனைவி சுஹைர். ஒரே மகள் நெர்மீன், பதினேழு வயது. இந்த நெர்மீன் என்ன ஆகப்போகிறாள் என்பதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கதை.

கதைக்குப் போவதற்கு முன் எங்கள் ஊர் சமாச்சாரம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ஒருவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அவரைச் சட்டையில்லாமல் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். ஆளுக்கொரு பட்டம் வேண்டும். குழாய் ஒழுகலை அடைக்க வருகிறவர் பாஷ்முஹந்திஸ், அதாவது தலைமை எஞ்சினியர். தலை நரைத்திருந்தால் போதும், மக்கா எந்தத் திசை என்று தெரியாதவரும் ஹாஜி. பல் பிடுங்குகிறவர் டாக்டர், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் டாக்டர், கழுதைக்கு ஊசி போடுகிறவர் டாக்டர், பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷத்து நோட்டை மூக்குக்கண்ணாடி வழியே வாசிக்கிறவரும் டாக்டர். எந்தப் பட்டமும் ஒட்டாமல் வழுக்கிவிட்டவரைப் பாவம் பார்த்து உஸ்தாஸ் என்போம். ரிஃப்அத் உஸ்தாஸ். மருத்துவக் கல்லூரியை அரை மார்க்கில் தவறவிட்டதாக அவர் சொல்லிக்கொள்வார். எத்தனைக்கு அரை மார்க் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

நெர்மீனுக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூட நாடகத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, "அடுத்த நோயாளி" என்று இரண்டே வார்த்தை பேசினாள். மறுநாள் காலை ரிஃப்அத் கடைத்தெருவில் எழுத்துப் பொறிக்கும் ஹில்மியிடம் போய் ஒரு பித்தளைப் பலகை செய்யச் சொல்லிவிட்டார். 'நெர்மீன் ரிஃப்அத்' என்று பெயர், அதற்கு முன்னால் தால் என்கிற ஒற்றை அரபு எழுத்து, பக்கத்தில் ஒரு சாய்கோடு. தால் போட்டால் டாக்டர். மீம் போட்டால் எஞ்சினியர். எங்கள் தெருவில் ஏறிட்டுப் பார்த்தால் மாடிக்கு மாடி தால் தொங்கும். ரிஃப்அத்தின் தால் எட்டு வருஷமாக அலமாரியில், கம்பளிகளுக்கு அடியில், ஃபிளானல் துணி சுற்றிக் கிடந்தது. வருஷத்துக்கு இருமுறை எடுத்து எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்கி வைப்பார். மற்றபடி மகள் என்ன வேணா படிக்கலாம்.

இப்படிப்பட்டவர் பிள்ளைக்கு வழி காட்டுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். "எல்லாத் தொழிலையும் நேர்ல பாக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணட்டும்" என்று அறிவித்துவிட்டு, இரண்டு மாதம் வெள்ளிக்கிழமை தோறும் நெர்மீனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் வாரம் அவர் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்கு. அவர் எலும்பு டாக்டர். இரண்டாம் வாரம் கண் டாக்டர். மூன்றாம் வாரம் தோல் டாக்டர். "ஒரே மாதிரி இருக்கக் கூடாது பாரு, உடம்புல ஒவ்வொரு எடமா பாக்கணும்" என்று சுஹைரிடம் பெருமையாகச் சொன்னாராம். நாலாம் வாரம் வக்கீல் நகீபிடம் கூட்டிப் போனார். ஆகா, மனுஷன் நியாயஸ்தன்தான் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே நகீபுக்குப் போன் போட்டு, வக்கீல் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை அழுது வைக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். நகீப் காப்பிக்கடையில் அவரோடு தினமும் தாயம் உருட்டுகிற கூட்டாளி. உதவி செய்கிறேன் என்று ஆரம்பித்தவர், நடுவில் நிஜமாகவே துக்கம் பொங்கி, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தவேண்டியதாகிவிட்டது. திரும்பும் வழியில் ரிஃப்அத் மகளிடம், "பாத்தியா கண்ணு, நான் எதுவும் சொல்லல, உன் கண்ணால நீயே பாத்துக்கிட்ட" என்றார்.

நெர்மீனுக்கு என்னதான் ஆசை? அதை அவள் மறைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் எருமைப்பால் திரிந்துபோக, சுஹைர் கொட்டப் போனதை வாங்கித் துணியில் வடிகட்டிப் பார்த்தவள்தான்; அன்றிலிருந்து பிடித்தது சீஸ் பைத்தியம். கூடத்தில் ஒரு சட்டி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, பக்கத்தில் சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாய். பாலை இளஞ்சூட்டில் வைத்து உறைமருந்து விட்டால், அது உறைகிற வரை சட்டியை அசைக்கக் கூடாது. ரிஃப்அத்தால் அது முடியாது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை துணியைத் தூக்கி, "ஆயிடுச்சா?" என்று விரலால் குத்திப் பார்ப்பார். பாதிச் சட்டி அவர் விரலால் கெட்டது.

உறைமருந்து எங்கள் ஊரில் மளிகைக்கடையில் கிடைக்காது, மருந்துக்கடையில்தான் சின்னக் குப்பியில் தருவார்கள். நெர்மீன் வாரம் இருமுறை மருந்துக்கடைக்குப் போய்வருவதை ரிஃப்அத் பார்த்தார். குப்பியைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிச் சொட்டு எண்ணுவதையும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கையப் பாருங்கய்யா, அப்படியே சர்ஜன் கை. ரத்தத்துலயே ஊறினது" என்று காப்பிக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் வெண்ணெயைப் பார்த்துப் பஞ்சு என்று சொன்ன ஆசாமி.

ஒரு நாள் நெர்மீன் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அப்பா, விவசாயக் கல்லூரியில பால் துறைன்னு ஒண்ணு இருக்கு. நான் அங்கதான் சேரணும். சீஸ் பண்றத முறையாக் கத்துக்கணும்."

ரிஃப்அத் கோபப்படவே இல்லை. இந்த ரகம் கோபப்படாது. தோளில் கையைப் போட்டார்.

"உன் இஷ்டம் கண்ணு. தாராளமா சீஸ் பண்ணு. டாக்டராயிட்டு பண்ணு, யாரு வேணாங்கறா?"

அதற்கு மேல் என்ன பேச முடியும்? அடிக்க வந்தால் அழலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம். எதைக் கேட்டாலும் "சரி" என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? நெர்மீன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். ரிஃப்அத் வெளியிலிருந்து மனைவியிடம், உயிரியல் பாடம் கஷ்டமாக இருக்கிறதுபோல, இன்னொரு டியூஷன் வைத்துவிடலாம் என்றார்.

மேல்நிலைத் தேர்வு வருஷம் எங்கள் வீடுகள் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. டி.வி.க்குப் போர்வை போர்த்தியாயிற்று. சொந்தக்காரர்கள் வரத் தடை. சுஹைர் வெங்காயம்கூடச் சத்தமில்லாமல் நறுக்கினாள். ரிஃப்அத் மட்டும் மணிக்கொரு தரம் கதவைத் திறந்து, "ஒண்ணும் கஷ்டப்படாத கண்ணு, எவ்வளவு வந்தாலும் அப்பாவுக்குச் சந்தோஷம். தொண்ணூத்தஞ்சு வந்தாப் போதும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போவார்.

வந்தது எண்பத்தொன்று.

எண்பத்தொன்று மோசமான மார்க் என்று யார் சொன்னது? ஆனால் மருத்துவத்துக்கு எண்பத்தொன்று என்பது மீனுக்குச் சைக்கிள் மாதிரி. ரிஃப்அத் அரை நாள் மார்க்கைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். அப்புறம் தேறிக்கொண்டார். "இந்த வருஷம் கேள்வித்தாளே கஷ்டம். எல்லாருக்குமே கொறைஞ்சிருக்கும். கட்-ஆஃப் சடசடன்னு விழும் பாரு" என்றார். எங்கள் நாட்டில் பிள்ளைக்கு மார்க் குறைந்த ஒவ்வொரு தகப்பனும் அந்த வாரம் முழுக்க இதையேதான் சொல்வார். கட்-ஆஃப் யார் பேச்சையும் கேட்டு விழுந்ததாகத் தெரியவில்லை.

இனி வருவதுதான் முக்கியம். எங்கள் மாணவர்கள் கணினியில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று ஒன்றிலிருந்து அறுபது வரை வரிசையாக எழுதவேண்டும். கணினி மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். உன் மார்க் எந்த இடத்தில் முதலில் பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும், அதுதான் உன் கல்லூரி. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. அந்தப் படிவத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் 'விருப்பங்கள்'. யாருடைய விருப்பங்கள் என்று போட மறந்துவிட்டார்கள். மகளின் ரகசிய எண் எழுதிய சீட்டு ரிஃப்அத்தின் சட்டைப் பையில் இருந்தது. குளிக்கப் போகும்போதுகூட எடுத்துப்போனார்.

மாலை அசர் தொழுகை முடிந்து வந்து, டீ வைக்கச் சொல்லிவிட்டு, கணினி முன் உட்கார்ந்தார். முதலில் மன்ஸூரா மருத்துவம். பிறகு தன்தா மருத்துவம், ஸகாஸீக் மருத்துவம் என்று நைலைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கி அஸ்வான் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். திரும்ப வடக்கே வந்து பல் மருத்துவம் என்று ஒரு சுற்று. மருந்தியல் ஒரு சுற்று. இயன்முறை மருத்துவம் ஒரு சுற்று. கடைசியில் கால்நடை, அதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஐம்பத்திரண்டு ஆயிற்று. அப்புறம், ஆயிரம் இருந்தாலும் அவர் முன்யோசனைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று அறிவியல், கல்வியியல், வணிகம், சட்டம் என்று வரிசையாகச் சேர்க்க ஆரம்பித்தார்.

நெர்மீன் டீயும், வெள்ளரிக்காயும், தன் கையால் செய்த சீஸும் கொண்டுவந்து வைத்தாள். திரையை எட்டிப் பார்த்தாள். போன வருஷத்துக் கட்-ஆஃப் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். மேலே இருக்கிற ஐம்பத்திரண்டைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. எண்பத்தொன்றுக்கு அதில் ஒரு கதவும் திறக்காது. கீழே இருக்கிற நாலுதான் வினை. கணினி இறங்கி, அறிவியலில் வந்து நின்றுவிடும். நின்றால் பால் துறை போச்சு.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அழவில்லை. கெஞ்சவும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏம்ப்பா, அறிவியல் படிச்சா என்னன்னு கூப்பிடுவாங்க?"

ரிஃப்அத்தின் விரல் நின்றது. "வாத்தியார் வேலைக்குப் போனா... மிஸ்."

"கல்வியியலும் மிஸ்தானே?"

"மிஸ்தான்."

"வணிகம் படிச்சா?"

ரிஃப்அத் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தார். அவருக்குத் தெரியும். அவர் அலுவலகத்தில் வணிகம் படித்தவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

"உஸ்தாஸா" என்று பெண்பாலாக்கி நீட்டினாள் நெர்மீன், மிருதுவாக. "சட்டமும் உஸ்தாஸாதான். நகீப் மாமா மாதிரி."

இருபத்தெட்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சுமந்தவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தட், தட், தட், தட் என்று நாலையும் அழித்தார். அழித்த இடத்திலும் அதற்குக் கீழேயும், வரைபடத்தில் தேடினால் மட்டுமே அகப்படுகிற ஊர்களின் கால்நடைக் கல்லூரிகளைக் கொண்டுவந்து நிரப்பினார். செவிலியம் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். "சிஸ்டர்னு கூப்பிடுவாங்கப்பா" என்றாள் மகள். அதுவும் போயிற்று. ஐம்பத்தொன்பது விருப்பங்கள். அத்தனையும் டாக்டர். ரிஃப்அத் சாய்ந்து உட்கார்ந்து ஒரு துண்டுச் சீஸை வாயில் போட்டுக்கொண்டார். மனசு குளிர்ந்துவிட்டது. மனசு குளிர்ந்தால் இந்த ரகம் வள்ளலாகிவிடும்.

"இந்தா, கடைசி எடம் உனக்கு. உன் இஷ்டம், என்ன வேணா போட்டுக்க. நாளைக்கு அப்பா எடம் குடுக்கலன்னு சொல்லக் கூடாது."

நெர்மீன் விவசாயக் கல்லூரி என்று போட்டாள்.

"போடு, போடு" என்று ரிஃப்அத் வயிறு குலுங்கச் சிரித்தார். "கத்தரிக்கா நடறதுக்கு. கம்ப்யூட்டர் அது வரைக்கும் எறங்கி வராது."

இறங்கி வந்தது. மூச்சு வாங்காமல் ஐம்பத்தொன்பது படி இறங்கி வந்து அறுபதாவதில் உட்கார்ந்தது.

செய்தி வந்த அன்று சுஹைர் வாயைக் குவித்துப் பாதிக் குலவை விட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டாள். நெர்மீன் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் குதித்தாள். ரிஃப்அத் ரத்தக்கொதிப்பு என்று அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பால் மாதிரி பொங்கியிருந்தால்கூடத் தேவலை. மகள் கொண்டுவந்த சூப்பை அவள் வெளியே போன பிறகுதான் குடித்தார். அந்த மூன்று நாளில் நெர்மீனுக்குச் சந்தோஷம் பாதி கரைந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். வேண்டியது கிடைத்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?

நாலாம் நாள் நகீப் பார்க்க வந்தார். வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு, "என்னய்யா பாஷ்முஹந்திஸாவோட அப்பா, படுத்துட்டீரு?" என்றார்.

ரிஃப்அத் தலையை மட்டும் திருப்பினார். "எந்தப் பாஷ்முஹந்திஸா?"

"விவசாயக் கல்லூரி முடிச்சா விவசாய எஞ்சினியர்தானே ஓய். சங்கத்து அட்டையிலேயே போட்டிருப்பான். பேருக்கு முன்னால மீம்."

மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அரை மணியில் முகம் மழித்தாயிற்று. சாயங்காலம் காப்பிக்கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் சர்பத். "எல்லாரும் டாக்டர் டாக்டர்னு ஓடறாங்க. நான்தான் பொண்ணுகிட்ட சொன்னேன், நாட்டுக்குத் தேவை எஞ்சினியர், அறுபதாவதாவது போட்டு வைன்னு. கண்ண மூடிக்கிட்டுப் போட்டா. பெத்தவனுக்குத் தெரியாதா, பிள்ளைக்கு எது தோதுன்னு?" விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர் மண்ணை எடுத்து மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டார். குழாய் ஒழுகலுக்கு வருகிறவரும் அதே பாஷ்முஹந்திஸ்தான் என்று அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரி திறந்து இரண்டு மாதம் நெர்மீன் ராணிபோல இருந்தாள். வீட்டுக்குள் வந்தாலே புளித்த பால் வாசனை. ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் கற்ற முறைப்படி முதல் முதலாக ஒரு சட்டி உறை ஊற்றித் துணி மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அதே சமயம் ரிஃப்அத், தாலை அழித்து மீம் போட்டுத் தரச்சொல்லி, பித்தளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஹில்மி கடைக்குப் போயிருந்தார்.

போனவர் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பலகை போன மாதிரியே ஃபிளானலுக்குள் இருந்தது. ஹில்மி கெட்டிக்காரன். பித்தளையில் வெட்டின எழுத்தை அழிக்க முடியாது உஸ்தாஸ், அது இருந்துட்டுப் போகட்டும், பொண்ணு அப்படியே மேல மேல படிச்சு ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிட்டா அதுவும் தால்தானே என்று சொல்லியிருக்கிறான்.

ரிஃப்அத் பலகையை மேஜைமேல் வைத்தார். மகளின் தோளில் ஒரு கையைப் போட்டார்.

"கண்ணு, ரெண்டு வழி இருக்கு. இங்கயே இருந்து டாக்டர் பட்டம் வாங்கறியா, இல்ல வெளிநாடு போயி வாங்கறியா? எந்த அவசரமும் இல்ல, நல்லா யோசி. உன் இஷ்டம்."

அறுபது படி இறங்கி வந்த பெண், படிக்கட்டு அங்கே முடியவில்லை என்று அப்போதுதான் பார்த்தாள். வாயெடுத்துப் பதில் சொல்வதற்குள் அவருடைய இன்னொரு கை சட்டியின் துணியைத் தூக்கிவிட்டது.

"துணிய மூடுங்கப்பா" என்றாள் நெர்மீன்.

மூடினார். இரண்டு நிமிஷம் கழித்து, ஆயிடுச்சா என்று மறுபடியும் தூக்கினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ரிஃப்அத்தும் இதே மாதிரி அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மனுஷர் பையனை எஞ்சினியருக்குப் படி என்று மிரட்டுகிறாராம், என்ன காட்டுமிராண்டித்தனம் என்பார். உங்கள் வீட்டு அலமாரியில் கம்பளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அது எனக்கு வேண்டாத வேலை. அடுத்த தடவை உங்கள் பிள்ளையிடம் "உன் இஷ்டம்" என்று சொல்லும்போது, உங்கள் ஒரு கை தோளில் இருக்கும், அது தெரியும். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.